சுற்றி வராமல் இறங்கிய காலை

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியது என்றால் கடைக்குப் போகிற சாமான் துண்டும், கனடாவில் இருக்கிற தங்கைக்குக் கடிதமும்தான். வசனத்தை எங்கே முடிக்கவேண்டும் என்று தெரியாமல் இழுத்துக்கொண்டு போய்விடுவேன். மறதியும் வந்துவிட்டது. எது முந்தி, எது பிந்தி என்று சில இடங்களில் மாறி வரலாம். வாசிக்கிறவர்கள் குறை நினைக்கக் கூடாது.

எழுதப் போவது விமானத்தைப் பற்றி. நான் ஒரு தரம்கூட விமானத்தில் ஏறியதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சமையல் செய்கிற குசினி வாசலில் நின்று கேட்டது.

என் மகன் விமானி. மகளைக் கட்டிய மருமகனும் விமானி. ஆனால் வேறு வேறு கம்பனி. பெயர்களைப் போடவேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். இரண்டும் வெளியார் நடத்துகிற கம்பனிகள். கொழும்பில் கொஞ்ச விமானங்களை வைத்து ஓட்டின. இரண்டுக்கும் ஒன்றையொன்று கண்ணில் காட்டக் கூடாது. காலையில் சென்னைக்கு ஒன்று புறப்பட்டால் கால் மணித்தியாலத்தில் மற்றது புறப்படும். திரும்பி வரும்போதும் அப்படித்தான், ஒன்றின் பின்னால் ஒன்று.

மகனும் மருமகனும் இரத்மலானையில் ஒன்றாகப் பறக்கப் படித்தவர்கள். முதலில் சிநேகிதர்கள், பிறகுதான் மச்சான்மார். நாங்கள் கொட்டாஞ்சேனை வேதக்காரர், கத்தோலிக்கர். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மருமகன் வெள்ளவத்தையில் வளர்ந்த யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை. மகனைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மகளையும் பார்த்துவிட்டார். இரண்டு பக்கமும் கொஞ்சக் காலம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். பிறகு எல்லாம் சரி வந்தது. கணவர் போன பிறகு மகள் என்னை வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மகன் கலியாணம் கட்டவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டிலேயே தனியாக இருந்தான்.

இருவருக்கும் ஒரே ஞாயிறு லீவு கிடைப்பது மாதத்தில் இரண்டு தரம்தான். அந்த ஞாயிறுகளில் மகன் பூசை முடிந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவான். நான் பாரை மீன் குழம்பும் பருப்பும் சம்பலும் வைப்பேன். சோற்றைப் போட்டதும் தொடங்குவார்கள்.

“உங்கட கம்பனியில பிழை விட்டா என்ன செய்யினம்? ஒளிக்கினம்” என்பார் மருமகன். “எங்கட கம்பனியில படிவம் இருக்கு மச்சான். என்ன நடந்ததெண்டு நீயே எழுதிக் குடுக்கலாம். ஒருத்தரும் தண்டிக்க மாட்டினம். அடுத்தவன் அதே பிழையை விடக் கூடாது எண்டுதான் அது.”

“ஓமோம். நீங்கள் படிவம் நிரப்பி முடிக்கிறதுக்குள்ள நாங்கள் சென்னையில இறங்கி இட்லியும் சாப்பிட்டு முடிச்சிருவம்” என்பான் மகன்.

“இறங்குவியள். ஓடுபாதையிலயா, பக்கத்து வயலுக்குள்ளயா எண்டதுதான் கேள்வி.”

“ரெண்டு பேரும் முதல்ல சோத்தை உள்ளுக்கு இறக்குங்கோ. பிளேனைப் பிறகு இறக்கலாம்” என்பாள் மகள்.

நான் அவர்களோடு இருந்து சாப்பிட மாட்டேன். மேசையில் இருந்து ஆம்பிளைகளோடு கதைக்க எனக்குக் கூச்சம். மருமகன் “மாமி, வாங்கோ, இருங்கோ” என்று ஒவ்வொரு முறையும் கதிரையை இழுத்து விடுவார். “நீங்க சாப்பிடுங்க, எனக்கு வேலை இருக்குது” என்று குசினிக்குள் வந்துவிடுவேன். வேலை ஒன்றும் இருக்காது. வாசலில் நின்று கேட்பேன்.

அப்படிக் கேட்டுத்தான் ‘கோ அரவுண்ட்’ என்றால் என்னவென்று அறிந்தேன். விமானம் இறங்க வரும்போது ஆயிரம் அடி உயரத்தில் எல்லாம் சரியாக இருக்கவேண்டுமாம். வேகம், உயரம், சக்கரம் எல்லாம். ஒன்று பிழை என்றாலும் இறங்கக் கூடாது. திரும்ப மேலே ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முதலில் இருந்து இறங்கவேண்டும். அது வெட்கமான காரியம் இல்லை, அதுதான் ஒழுங்கு என்று மருமகன் கரண்டியை ஓடுபாதையாக வைத்துக் காட்டுவார். மகனுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே பகிடி பண்ணுவான். ஒரு முறை மருமகன் அப்படிச் சுற்றி வந்தது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“என்ன மச்சான், வியாழக்கிழமை சனத்துக்கு நீர்கொழும்பைச் சுத்திக் காட்டினியாம். சந்தோசப்பட்டாங்களா?”

“காத்து மாறிச்சு. சுத்தினன். அதுதான் சட்டம்.”

“சட்டந்தான். நான் பின்னால வந்து உனக்கு முந்தி இறங்கினன். அதுவும் சட்டந்தான்.”

மருமகனுக்குக் காது சிவந்துபோனது. “நீயும் ஒரு நாளைக்குச் சுத்துவாய் மச்சான். அண்டைக்கு நான் பின்னால ரேடியோவில கேட்டுக்கொண்டு வருவன்” என்றார். வானத்தில் எல்லோரும் ஒரே ரேடியோவில்தான் கதைப்பார்களாம். ஒருவர் விமான நிலையக் கோபுரத்தோடு கதைப்பது மற்றவருக்கும் கேட்குமாம். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். நானும் குசினிக்குள் நின்று சிரித்தேன்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு விமானிகள் பலர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு வேலை கூடிவிட்டது. மகன் வரும்போது கண் சிவந்திருக்கும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கதிரையிலேயே நித்திரை கொள்வான். மருமகனும் அப்படித்தான். ஆனாலும் எந்தக் கம்பனி நல்லது என்ற சண்டையை மட்டும் விடவில்லை.

மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் மகன் சொல்லாமல் வந்தான். யூனிஃபோர்மோடு வந்தான். மகளும் மருமகனும் வீட்டில் இல்லை. நான் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். குசினிக்குள் வந்து என் பக்கத்து வாங்கில் இருந்தான்.

“அம்மா, இண்டைக்குக் காலமை நான் சுத்தியிருக்கோணும். சுத்தேல்லை.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஆறுதலாக, ஒவ்வொன்றாகச் சொன்னான். சென்னையிலிருந்து வந்து இறங்கும்போது பின்பக்கமாகக் காற்று அடித்ததாம். ஆயிரம் அடியில் வேகம் கூடுதலாக இருந்ததாம். பக்கத்தில் இருந்த இரண்டாவது விமானி “கோ அரவுண்ட்” என்று சொல்லியிருக்கிறார்.

“நான் கேக்காத மாதிரி இருந்தன் அம்மா.”

“ஏன் மகன்?”

“பின்னால மச்சான் வந்தவன். அவன்ட குரல் ரேடியோவில கேட்டுக்கொண்டிருந்தது.”

ஓடுபாதை ஈரம். வழக்கமாகப் படுகிற இடத்தைத் தாண்டி வெகு தூரம் போய்த்தான் சக்கரம் நிலத்தில் பட்டதாம். பிறேக் பிடித்தும் கடைசி வரைக்கும் போய்த்தான் நின்றதாம். அவன் ஓடுபாதையை விட்டு விலகப் பிந்தியதால், பின்னால் இறங்க வந்த மருமகனைக் கோபுரத்தில் இருந்தவர்கள் திரும்ப மேலே ஏறிச் சுற்றி வரச் சொல்லிவிட்டார்கள்.

“சனம் கை தட்டிச்சுது அம்மா. மழைக்குள்ள நல்லா இறக்கிப்போட்டான் எண்டு கை தட்டிச்சுது. ஒரு மனுசி இறங்கேக்க என்ட கையைப் பிடிச்சு நன்றி சொல்லிச்சுது.”

அதைச் சொல்லும்போதுதான் அவனுடைய குரல் உடைந்தது. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் என்னோடு சேர்ந்து கிழங்கு உரித்தான். தோலோடு கிழங்கையும் பாதி வெட்டி எறிந்தான்.

அடுத்த ஞாயிறு இருவரும் மேசையில் இருந்தார்கள். ஒரு பகிடியும் இல்லை. மருமகனுக்கு எல்லாம் தெரியும், வானத்தில் இருந்து பார்த்தவர் அவர்தானே. மகளுக்கு ஒன்றும் தெரியாது. “என்ன ரெண்டு பேரும் பேசாமல் சாப்பிடுறீங்கள், மீன் சரியில்லையோ?” என்று கேட்டாள். அதோடு கதை வெளியே வந்துவிட்டது.

“பெட்டியில எல்லாம் பதிஞ்சிருக்கும்” என்றார் மருமகன். விமானம் எப்படிப் பறந்தது என்பதை எழுதிவைக்கிற பெட்டி ஒன்று உள்ளே இருக்கிறதாம்.

“பதிஞ்சிருக்கும். எங்கட கம்பனியில அதை வாசிக்கிற ஆள் டுபாய்க்குப் போயிட்டான்.”

“அப்ப நீயே எழுதிக் குடு மச்சான். எங்கட கம்பனியா இருந்தா நான் எழுதியிருப்பன்.”

“எங்கட கம்பனி உங்கட கம்பனி இல்லை.”

“எழுதாட்டி நாளைக்கு வேற ஒருத்தன் இதையே செய்வான். அவனுக்கு ஓடுபாதை நீளம் காணாமப் போகும்.”

மகன் சோற்றை அளைந்துகொண்டிருந்தான்.

அப்போது நான் வாய் திறந்தேன். இந்தக் கதையை எழுதுவதே அதைச் சொல்லத்தான். மகளும் மருமகனும் கலியாணம் முடித்து, இத்தனை வருஷ ஞாயிறுகளில் ஒரு நாளும் அந்த மேசைக் கதைக்குள் நான் போனதில்லை. அன்றைக்குக் குசினி வாசலில் நின்றபடியே சொன்னேன்.

“எழுதிக் குடு மகன்.”

மூவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. என்றாலும் விடவில்லை.

“பாவசங்கீர்த்தனம் மாதிரித்தானே. ஒளிக்காமச் சொல்லு. சொன்னா மன்னிச்சிருவாங்க. பிறகு உனக்கும் பாரம் இல்லை.”

“அங்க சாமியார் இல்லை அம்மா” என்று மகன் சிரித்தான்.

“அது என்ன மாமி, பாவ...?” என்று மருமகன் கேட்டார். நான் சொன்னேன். கோயிலில் ஒரு தட்டி இருக்கும், மறுபக்கம் சாமியார் இருப்பார், செய்த பிழையைச் சொன்னால் அவர் அபராதமாகச் சில செபங்களைச் சொல்லச் சொல்லிவிட்டு மன்னிப்புக் கொடுப்பார், கேட்டதை உயிர் போனாலும் வெளியே சொல்ல மாட்டார் என்று சொன்னேன்.

“அதேதான்! எங்கட படிவமும் அதேதான்” என்றார் மருமகன்.

எந்நாளும் கதைக்கிறவள் சொல்லியிருந்தால் மகன் தட்டிவிட்டிருப்பான். ஒரு நாளும் கதைக்காத நான் கதைத்தது அவனைப் பிடித்துவிட்டது. பின்னேரம் அதே மேசையில் இருந்து எழுதினான். வேகம் கூட இருந்ததை எழுதினான். பக்கத்தில் இருந்தவர் சொன்னதைக் கேட்காமல் விட்டதையும் எழுதினான். ஏன் அப்படிச் செய்தேன் என்ற இடத்தில் பேனையை வைத்துவிட்டு யோசித்தான். பிறகு, பின்னால் மற்றக் கம்பனி விமானம் வந்தது, அவர்கள் பார்க்க நான் சுற்றக் கூடாது என்று நினைத்தேன், என்று எழுதினான். ஆங்கிலத்தில் எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினான். நல்லாயிருக்குது மகன் என்று சொன்னேன்.

கடிதம் கொடுத்த அன்று நன்றி சொன்னார்களாம். ஒரு கிழமைக்குள் கூப்பிட்டார்கள். அறைக்குள் ஆறு பேர் இருந்தார்களாம். ஆறு பேர் கையிலும் அவன் எழுதியதன் பிரதி. வேகத்தைப் பற்றி இரண்டு கேள்விதான் கேட்டார்கள். மிச்சம் எல்லாம் அந்தக் கடைசி வசனத்தைப் பற்றித்தான். மற்றக் கம்பனியைப் பார்த்து நாங்கள் அவசரப்படுகிறோம் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறாயே, இது அவர்கள் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார்களாம். அந்த ஆறு பேரில் யாரோ ஒருவர் அதை ஃபோனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பியிருக்கிறார். ஒரு மாதத்துக்குள் அந்தப் படம் மருமகனின் கம்பனிக்கும் போய்விட்டது. அங்கே விமானிகள் இருக்கிற அறையில் ஒருவர் அதைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் சிரித்தார்களாம். மகனுக்கு அது அப்போது தெரியாது.

மகனைப் பறக்கவேண்டாம் என்று நிறுத்தினார்கள். முதலில் விசாரணை முடியும்வரை என்றார்கள். பிறகு, பக்கத்தில் இருந்தவர் சொன்னதைக் கேட்காதவன் என்று அவனே ஒத்துக்கொண்டிருக்கிறான், இனி நம்பிக் கொடுக்க முடியாது என்றார்கள். விமானத்தில் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று பார்த்து எழுதுகிற மேசை வேலைக்கு விட்டார்கள். எங்கள் ஃபிளாட்டின் கீழே நிற்கிற செக்கியூரிட்டிக்கு இது தெரியாது. “கெப்டன் மஹத்தயா, கொஹொமத?” என்று சிங்களத்தில் நலம் கேட்டு, வந்தபோதெல்லாம் சல்யூட் அடிப்பான். மகன் தலையைக் குனிந்துகொண்டு லிஃப்டுக்குள் போவான்.

இரண்டாவது விமானி ஒரு நாள் ஃபோன் எடுத்தாராம். உங்களுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு எங்கள் கம்பனியில் ஒருவரும் ஒன்றும் எழுதிக் கொடுப்பதில்லை, சின்னப் பிழையைக்கூட வாய்க்குள் வைத்துக்கொள்கிறார்கள் என்றாராம். மகன் அதைச் சொல்லிவிட்டு, “நான் எழுதினதால இப்ப ஆபத்துக் கூடிப்போச்சு அம்மா” என்றான்.

என்னை அவன் ஒரு சொல் குறை சொல்லவில்லை. மச்சானையும் குறை சொல்லவில்லை. “மச்சான் சொன்னது சரிதான் அம்மா. அவன்ட கம்பனியா இருந்தா இப்பிடி நடந்திருக்காது. பிழை எங்கட ஆக்களிலதான்” என்பான். அவனுக்கு அது ஒன்றுதான் பிடியாக இருந்தது.

ஒரு நாள் காலை மகள் வேலைக்குப் போன பிறகு மருமகன் குசினிக்கு வந்தார். தண்ணீர் எடுத்தார், குடிக்கவில்லை.

“மாமி, உங்களிட்ட ஒண்டு சொல்லோணும். நான் பறக்கேக்க ஒருக்கா நித்திரையாப் போனனான். மச்சான்ட விசயத்துக்கு முந்தி. கடலுக்கு மேல. பக்கத்தில இருந்தவனும் நித்திரை. ரெண்டு பேரும். ரேடியோவில கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் முழிச்சனாங்கள்.”

“எழுதிக் குடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லை.”

“படிவம் இருக்குது எண்டீங்களே?”

“படிவம் இருக்கு மாமி. நிரப்பின ஒருத்தரையும் நான் காணேல்லை.”

கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். “பிறகு ஏன் தம்பி அவனை எழுதச் சொன்னீங்க?”

அவர் நெடுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே ரயில் போனது. அது போன பிறகு சொன்னார்.

“அவனோட கதைச்சுத் தோக்கக் கூடாது எண்டு ஒவ்வொரு ஞாயிறும் எங்கட கம்பனியைப் புழுகிப் புழுகி, கடைசியில நானே அதை நம்பிட்டன் மாமி.”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் எழுதச் சொன்னதில் நானும் இருந்தேன். அவர் அழுதார். ஒரு பெரிய மனுசன் மாமியாருக்கு முன்னால் அழுவது பார்க்க முடியாத காட்சி. “இதை அவனிட்டச் சொல்லுங்க தம்பி” என்றேன். ஏலாது என்று தலையை ஆட்டினார். நானும் சொல்லவில்லை. சொன்னால் மகனிடம் மிச்சம் இருக்கிற அந்த ஒரு பிடியும் போய்விடும் என்று நினைத்தேன். மகளின் வாழ்க்கையையும் நினைத்தேன். கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். இது உங்கள் பாவம் இல்லை அம்மா என்றார் சாமியார். ஆறுதல் வரவில்லை.

அப்படியே சில மாதம் போனது. மகன் ஞாயிறுகளில் வருவான். “மச்சான் ஒருத்தன்தான் எனக்கு நேராச் சொன்னவன்” என்பான். மருமகன் எழும்பிக் கை கழுவப் போவார். நான் கறிச்சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கடைசியாக வந்த ஞாயிறு மகனின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினான்.

“மச்சான், உனக்குச் சொல்லாமலே ஒரு வேலை செய்திட்டன். உங்கட கம்பனிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறன். நான் எழுதின கடிதத்தையும் சேர்த்து அனுப்பினன். உங்கட ஆக்கள் அதை நல்லதாத்தானே பாப்பினம்?”

மருமகன் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைப் பீங்கானில் திரும்ப வைத்தார். “பாப்பினம்” என்றார். அங்கே விமானிகள் அறையில் அதே கடிதத்தை வாசித்துச் சிரித்தது அவருக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை மருமகன் தனியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்து, “சொல்லிட்டன் மாமி. நித்திரையானதையும் சொன்னனான், அவங்கள் சிரிச்சதையும் சொன்னனான்” என்றார். அன்றைக்கு மகளிடமும் சொன்னார். மகன் என்ன சொன்னான் என்று கேட்டேன். “ஒண்டும் சொல்லேல்லை. கதவு மட்டும் திறந்துவிட்டவன், நான் வெளிய போக” என்றார்.

அதே பின்னேரம் மகன் ஃபோன் எடுத்தான். சாப்பிட்டீங்களா என்று கேட்டான். பிறகு கேட்டான்.

“அம்மாவுக்கு முந்தியே தெரியுமா?”

“ஓம் மகன்.”

“சரி அம்மா” என்று வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் அவன் வருவதில்லை. பூசை முடிந்ததும் ஃபோன் எடுப்பான். முழங்கால் எப்படி, மழையா என்று கேட்பான். விமானத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டான். மருமகனின் கம்பனியிலிருந்து அவனுக்குப் பதில் வரவில்லை. மருமகன் இப்போது வீட்டில் கம்பனிக் கதையே எடுப்பதில்லை. அவரும் மகளும் பேசாமல் சாப்பிடுகிறார்கள். இப்போது நானும் அவர்களோடு மேசையில் இருந்துதான் சாப்பிடுகிறேன். இல்லாவிட்டால் இரண்டு பேர் மட்டும் இருப்பது பார்க்க என்னவோ போல இருக்கிறது.

ஆயிரம் அடி என்று எழுதியிருக்கிறேன், அது சரியோ தெரியாது. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, கோபுரத்தில் என்ன சொன்னார்கள், அறைக்குள் இருந்தவர்கள் ஆறு பேரா ஐந்து பேரா, எல்லாம் கேட்டதை வைத்து எழுதியது. இதெல்லாம் சரியாகத் தெரிந்த ஆள் மகன் ஒருவன்தான். இந்தத் தாள்களை மகளிடம் கொடுத்துக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்புகிறேன். மகன், இதை ஒரு தரம் வாசித்துப் பார். பிழையான இடங்களை வெட்டிவிட்டு, உனக்குத் தெரிந்தபடி பக்கத்தில் எழுது. அவசரம் இல்லை. திருத்தி முடிந்ததும் மகளிடம் கொடுத்தனுப்பினாலும் சரி, நீயே கொண்டுவந்தாலும் சரி.